பேரடை நடுவங்களின் ஊடுகதிர் ஒளிர்வு மாறுபாடு

வானியற் செய்திகளைத் தமிழில் எழுதுவோரிடத்தும் மொழிபெயர்ப்போரிடத்தும் பயில வழங்கும் தொடர்கள் இரண்டு உள. 'கருந்துளை ஊடுகதிரை உமிழ்கின்றது' என்பது ஒன்று. 'அவ்வொளி துடிக்கின்றது' என்பது மற்றொன்று. முன்னது எழுவாயிற் பிழைபட்டது. பின்னது பயனிலையிற் பிழைபட்டது. இவை சொல்லளவில் நின்றொழியும் பிழைகள் அல்ல. முதற்பிழையை ஏற்பவர், ஒளியும் மீளாத ஓரிடத்தினின்று ஒளி எங்ஙனம் வந்தது என்னும் முரணில் அகப்படுவர். இரண்டாவதை ஏற்பவர், பல்லாண்டு ஆராய்ச்சி நிலைநாட்டிய உண்மைக்கு நேர்மாறானதைக் கற்றவராவர். ஆகவே, பேரடைகளின் நடுவே நிகழும் ஊடுகதிர் ஒளிர்வு மாறுபாடு யாது, அதனைக் கொண்டு அறியப்படுவன யாவை என்பவற்றை விளக்கி, அவ்வழியே இவ்விரு தொடர்களையும் திருத்திக்கொள்ள முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். யாம் இலக்கியம் பயின்றவரேயன்றி வானியல் வல்லார் அல்லேம். எனினும் கலைச்சொல் பற்றிய வழக்கில் தமிழாசிரியர்க்கும் ஒரு பங்கு உண்டு. சொல்லைத் தேர்வதற்கு முன் பொருளை அறிதல் அவர்க்குக் கடமையாகின்றது.

ஈண்டு ஆளப்படும் சொற்கள் சிலவற்றை முதற்கண் வரையறுத்துக்கொள்வோம். விண்மீன்கள் கோடிக்கணக்கில் ஈர்ப்பினாற் கட்டுண்டு ஒரு தொகுதியாய் இயங்குவது பேரடை. நாம் வாழும் பேரடை பால்வழி எனப்படும். எக்ஸ் கதிர் என வழங்குவதை ஊடுகதிர் என்கின்றோம். தசையை ஊடுருவி என்பைக் காட்டும் மருத்துவமனைக் கதிரும் இதுவே. மிகுந்த பொருண்மை மிகச் சிறிய இடத்திற்குள் அடங்கியமையால் ஒளியும் வெளியேறவியலாதவாறு ஈர்ப்பு முதிர்ந்த இடம் கருந்துளை. சுழற்சியற்ற கருந்துளையொன்று ஞாயிற்றின் பொருண்மை உடையதாயின், மீளவியலாத அவ்வெல்லையின் ஆரம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆகும். பொருண்மை எத்துணை மடங்கு மிகுமோ அத்துணை மடங்கு ஆரமும் மிகும். இவ்வொரு நேர்விகிதத்தை மனத்திற் கொள்ளின் பின்வருவன பலவும் எளிதின் விளங்கும்.

இனி எழுவாயை நோக்குவோம். 1943 ஆம் ஆண்டில் கார்ல் சீஃபர்ட் என்னும் அமெரிக்க வானியலார் பேரடைகள் ஆறனை ஆராய்ந்து, அவற்றின் நடுவங்கள் பெரிதும் ஒளிர்வனவாதலையும், அவற்றின் நிறமாலைக் கோடுகள் இயல்பினும் மிக அகன்றிருத்தலையும் எடுத்துக்காட்டினார். கோடுகளின் அகற்சி, அங்குள்ள வளிமம் நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விரைவில் இயங்குகின்றது என்பதற்குச் சான்று. 1963 ஆம் ஆண்டில் மார்ட்டின் ஷ்மிட் என்பார், விண்மீன் போலத் தோன்றிய 3சி 273 என்னும் பொருள் 200 கோடி ஒளியாண்டிற்கும் அப்பாலுள்ளது என்று கண்டார். அத்துணைத் தொலைவிலிருந்தும் காணப்படுமாயின் அதன் உண்மை ஒளி ஒரு பேரடை முழுவதன் ஒளியையும் விஞ்சுதல் வேண்டும். விண்மீன்களை ஒளிரச் செய்யும் அணுப்பிணைவு இதற்குப் போதாது. ஐட்ரசன் ஈலியமாகும்போது அதன் பொருண்மையில் நூற்றுக்கு 0.7 பங்கே ஆற்றலாகின்றது. ஆனால் கருந்துளையை நோக்கி விழும் பொருள் விழுந்து மறைவதற்கு முன்னரே தன் பொருண்மையில் நூற்றுக்கு 6 பங்கு வரையும், கருந்துளை மிக விரைந்து சுழலுமாயின் 40 பங்கிற்கு மேலும் ஆற்றலாக வெளியிட வல்லது. 1964 இல் சால்பீட்டரும் செல்டோவிச்சும், 1969 இல் லிண்டன்பெல்லும் இவ்வழியிற் சிந்தித்து எழுதினர்.

விழும் பொருள் நேரே விழுவதில்லை. சுற்றும் இயல்பு அதற்கு உண்மையால், நீர் வடியும் துளையைச் சுற்றி நீர் சுழல்வது போலச் சுற்றிச் சுற்றி ஒரு வட்டாகத் திரள்கின்றது. இதனைத் திரள்வட்டு என்போம். வட்டின் அடுக்குகள் ஒன்றையொன்று உராய்ந்து வெப்பமுறும். பெருங்கருந்துளைகளைச் சூழ்ந்த வட்டு பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாகும் ஒளியையும் புறஊதா ஒளியையுமே தரும். வட்டின் உட்பகுதிக்கு அணித்தாக, நூறுகோடிப் பாகை அளவில் வெப்பமுற்ற மின்னணுத் திரள் ஒன்று உண்டு. ஞாயிற்றின் புறத்தே காணப்படுவதை ஒப்புநோக்கி இதற்குக் கொரோனா என்று பெயரிட்டனர். வட்டினின்று எழும் புறஊதா ஒளி இத்திரளிற் புகுந்து மோதி, ஆற்றல் ஏறப்பெற்று, ஊடுகதிராய் வெளிப்படுகின்றது. ஆகவே ஊடுகதிரை உமிழ்வது கருந்துளை அன்று. கருந்துளைக்குப் புறத்தே, ஆனால் அதற்கு மிக அணித்தாக நிற்கும் பொருளே. 'கருந்துளையைச் சூழ்ந்த பொருள் ஊடுகதிரை உமிழ்கின்றது' என எழுவாயை மாற்றிவிடின் முரண் நீங்கும். வீழ்வதன் இறுதிக் கணங்களில் எழும் ஒளியாதலின், மற்றெவ்வொளியினும் இவ்வொளியே கருந்துளைக்கு அண்மையிலிருந்து வரும் செய்தியைத் தாங்கி நிற்பது.

அச்செய்தி நிலத்திற்கு வந்தெய்துவதில்லை. புவியின் காற்றுமண்டலம் ஊடுகதிரை முற்றும் விழுங்கிவிடுகின்றது. 1962 சூன் திங்களில் ரிக்கார்டோ ஜியாக்கோனியும் அவர்தம் குழுவினரும் ஏவூர்தியொன்றிற் கருவி வைத்து அனுப்பி, ஞாயிற்று மண்டலத்திற்கு அப்பாலுள்ள முதல் ஊடுகதிர் மூலத்தைக் கண்டனர். 1970 திசம்பரில் உகுரு என்னும் செயற்கைக்கோள் கெனியக் கடற்கரையை அடுத்த மேடையிலிருந்து செலுத்தப்பட்டது. ஆயினும், மாறுபாட்டை ஆராய்வார்க்கு உற்ற துணையாய் அமைந்தது 1983 முதல் 1986 வரை இயங்கிய ஐரோப்பியச் செயற்கைக்கோளாகிய எக்ஸோசாட். ஏனைய கோள்கள் ஒன்றரை மணி நேரத்திற்கு ஒருமுறை புவியைச் சுற்றுவன. அவை நோக்கும் பொருளைப் புவி இடையிடையே மறைக்கும். எக்ஸோசாட்டின் பாதையோ மிக நீண்டது. ஒரு சுற்றிற்கு ஏறத்தாழ 90 மணி நேரம் கொண்டது. ஆகலின் ஒரே பொருளை நாட்கணக்கில் இடையறவின்றி நோக்க இயன்றது. சிதைந்த ஏட்டிற்கும் முழு ஏட்டிற்கும் உள்ள வேறுபாட்டினை அறிந்தோர்க்கு இதன் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அவ்வாறு நோக்கியபோது கண்டது யாது? என்.ஜி.சி. 4051 என்பது சீஃபர்ட் ஆராய்ந்த அறுவகையுள் ஒன்று. அதன் நடுவத்து ஊடுகதிர் ஒளி நூற்றுக்கணக்கான நொடிகளுக்குள்ளேயே குறிப்பிடத்தக்க அளவு ஏறியும் இறங்கியும் நின்றது. நாட்கணக்கில் நோக்கினால் மாற்றம் இன்னும் பெரிது. 1998 ஆம் ஆண்டில் அது ஏறத்தாழ அவிந்துவிட்டது போன்ற நிலையையும் எய்திப் பின்னர் மீண்டது. மாறுகின்றது என்னும் இவ்வொன்றிலிருந்தே பருமன் பற்றிய ஒரு முடிவு பிறக்கின்றது. நெடிய தெருவொன்றில் வரிசையாக விளக்குகள் எரிகின்றன என்று கொள்வோம். அத்தெருவின் நீளம் ஒளி ஒரு நாழிகை செல்லும் தொலைவு என்க. எல்லா விளக்குகளையும் ஒரே கணத்தில் அணைத்தாலும், தெருவின் தலைமாட்டில் நிற்பவனுக்கு அவை ஒருங்கே அணைந்ததாகத் தோன்றாது. அண்மையிலுள்ளது முதலிலும், கடைக்கோடியிலுள்ளது ஒரு நாழிகை கழித்தும் அணையும். ஆகவே தெரு முழுதும் ஒரு நொடியில் இருளடைந்ததை அவன் கண்டானாயின், அத்தெருவின் நீளம் ஒளி ஒரு நொடியிற் செல்லும் தொலைவிற்கு மேற்பட்டதன்று எனத் துணியலாம். இதே முறையால், 1,000 நொடியில் ஒளிர்வு பெரிதும் மாறும் ஒரு மூலத்தின் அகலம் 30 கோடிக் கிலோமீட்டருக்கு மேற்படாது. இது ஞாயிற்றைப் புவி சுற்றும் பாதையின் விட்டத்திற்கு ஒப்பானது. பேரடை ஒன்றின் அகலமோ பல பதினாயிரம் ஒளியாண்டு. அத்துணைப் பெரிய பேரடையினுள் இத்துணைச் சிறிய இடமே அத்துணை ஒளியையும் தருகின்றது என்பதைத் தொலைநோக்கி காட்டவில்லை, கடிகாரம் காட்டியது.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் உடன் கூறுதல் முறை. சில பேரடைகளின் நடுவத்திலிருந்து பொருட்டாரை ஒன்று ஒளியின் விரைவை ஒட்டிய விரைவில் நம்மை நோக்கிப் பாய்கின்றது. அவற்றில் நாம் காணும் காலம் சுருங்கித் தோன்றும். ஒளியும் மிகைபடத் தோன்றும். அங்கு மேற்கூறிய கணக்கை அவ்வாறே பொருத்துதல் பிழை. ஈண்டு யாம் கூறுவன அத்தாரை நம்மை நோக்காத பேரடைகளைப் பற்றியனவே.

இனிப் பயனிலைக்கு வருவோம். ஒளி மாறுகின்றது என்பது சரி. அது துடிக்கின்றதா? துடி என்னும் பறையின் அடியும், நெஞ்சின் துடிப்பும் ஒத்த கால இடைவெளியில் மீண்டும் மீண்டும் நிகழ்வன. துடிப்பு என்னும் சொல்லைக் கேட்டவுடன் கற்போன் கால ஒழுங்கையே எண்ணுவான். அவ்வாறு எண்ணியவர் வானியலாருள்ளும் இருந்தனர் என்பதும், அவ்வெண்ணம் எவ்வாறு வீழ்ந்தது என்பதும் நம் துறையினர் விரும்பிக் கற்கத்தக்க வரலாறு.

என்.ஜி.சி. 6814 என்பது மற்றொரு சீஃபர்ட் பேரடை. எக்ஸோசாட் தந்த தரவுகளை ஆராய்ந்தோர், அதன் ஊடுகதிர் ஒளி ஏறத்தாழ 12,000 நொடிக்கு ஒருமுறை, அதாவது மூன்று மணி இருபது நிமிடத்திற்கு ஒருமுறை, ஒழுங்காக ஏறியிறங்குகின்றது என 1989 இல் வெளியிட்டனர். கிங்கா என்னும் சப்பானியச் செயற்கைக்கோளும் அதே காலவட்டத்தைக் கண்டது. ஒழுங்கின்றி மாறும் பேரடைகளுக்கிடையே ஒழுங்காய் மாறும் ஒன்று! கருந்துளையைச் சுற்றி ஒரு விண்மீன் ஓடுகின்றது போலும் என்று கருதி, அதன்மேற் பல கொள்கைகள் எழுந்தன. பின்னர் ரோசாட் என்னும் செயற்கைக்கோள் அவ்விடத்தை நோக்கியது. முந்தைய கருவிகள் ஒரு பரப்பிலிருந்து வரும் கதிர்களையெல்லாம் ஒருசேர எண்ணியவை. ரோசாட்டோ படம் எடுக்க வல்லது. படத்திற் கண்டது இது: பேரடைக்கு ஒரு பாகையினும் குறைந்த இடைவெளியில், நம் பால்வழியினுள்ளேயே, வெண்குறுமீன் ஒன்றும் அதற்குத் துணையாய ஒரு விண்மீனும் ஒன்றையொன்று சுற்றுகின்றன. 12,000 நொடிக் காலவட்டம் அவற்றினுடையது. பேரடைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இம்முடிவு 1993 இல் வெளிவந்தது.

இஃது இடைச்செருகல் அன்றி வேறென்ன? தொகைநூல் ஒன்றின் ஏட்டில் பிற்காலத்தான் ஒருவன் பாடல் கலந்துவிட, அப்பாடலின் நடையைக் கொண்டே தொகையாசிரியரின் காலத்தையும் கொள்கையையும் வகுத்தோர் நம் துறையிலும் உளர். ஆண்டு இரண்டாவது ஏடும் அதே பாடத்தைக் காட்டிற்று எனச் சான்று கூறுவதுண்டு. இரண்டு ஏடுகளும் ஒரே மூலத்தினின்று படியெடுக்கப்பட்டனவாயின் அது சான்றாகாது. எக்ஸோசாட்டும் கிங்காவும் ஒரே குறையுடைய கருவிகளால் நோக்கியமையின், ஒன்று மற்றொன்றனை வலியுறுத்தியதாகத் தோன்றியது மயக்கமே. பாடம் தீர்ந்தது கூரிய கருவி வந்த பின்னரே. பிழையுற்றோரை இகழ்தற்காக இதனைக் கூறவில்லை. அவர்கள் கணக்கிற் பிழை இல்லை, காலவட்டம் உண்மையே. அது யாருடையது என்பதே வினா.

பிறிதொரு மயக்கமும் உண்டு. 1987 இல் என்.ஜி.சி. 4051, என்.ஜி.சி. 5506 ஆகியவற்றைப் பற்றி வெளிவந்த ஆய்வுகள், இம்மாறுபாட்டிற்குக் குறித்த காலவட்டம் ஏதும் இல்லை எனவும், காலம் நீள நீள மாறுபாட்டின் அளவும் பெருகுகின்றது எனவும் காட்டின. நிமிடத்தில் சிறு மாற்றம், மணியில் அதனினும் பெரிது, நாளில் இன்னும் பெரிது. இத்தகைய மாறுபாட்டில் சிறிது நேரமே நோக்குவோர்க்கு இரண்டு மூன்று மேடுகள் ஒத்த இடைவெளியில் அமைந்தனபோலத் தோன்றுதல் மிக எளிது. உரைநடையின் மூன்று வரிகளில் எதுகை தற்செயலாய் ஒத்தமை கண்டு அதனைச் செய்யுள் என்று துணிவார் போல, மூன்று மேடு கண்டு காலவட்டம் என்று துணிதல் கூடாது. அடுத்த முப்பது வரிகளிலும் எதுகை தொடர்கின்றதா என்று நோக்கியபின்பே பேசுதல் வேண்டும்.

ஒழுங்கின்மை என்றால் செய்தியின்மை என்று பொருள்கொள்ளற்க. ஈண்டுத்தான் இவ்வாராய்ச்சியின் நுட்பம் உள்ளது. 2001 ஆம் ஆண்டில் அட்லியும் மக்கார்டியும் ஓர் உறவினைக் கண்டனர். சராசரி ஒளிர்வு மிக்கிருக்கும் வேளையில் ஏற்ற இறக்கமும் மிக்கிருக்கின்றது. ஒளிர்வு குன்றும்போது ஏற்ற இறக்கமும் அதே விகிதத்திற் குன்றுகின்றது. ஒளிர்வு என்பது தொடர்பற்ற பல வெடிப்புகளின் கூட்டுத்தொகை ஆயின் இவ்வுறவு தோன்றாது. இதற்குக் காவிரிப் பாசனத்திலிருந்து ஓர் உவமை கூறலாம். தலைமதகில் நீர் நாட்கணக்கில் மெல்ல ஏறியிறங்கும். கிளைவாய்க்கால் மதகில் அவ்வந்த நீரின் ஒரு பங்கு மணிக்கணக்கில் மாறும். வயல்வாய்மடையில் அப்பங்கின் பங்கு நிமிடக்கணக்கில் மாறும். கடைமடையில் நின்று பார்ப்பவனுக்கு, தலைமதகில் நீர் இருமடங்காகும் நாளில் மடையின் ஏற்ற இறக்கமும் இருமடங்காகும். ஒவ்வொரு மாற்றமும் முன்னதனோடு கூட்டப்படவில்லை, பெருக்கப்படுகின்றது. திரள்வட்டிலும் இவ்வாறே. புறவட்டில் எழும் மெல்லிய, நெடுநேர மாறுபாடு உள்நோக்கிச் செல்லுந்தோறும் அவ்வவ்விடத்து விரைவான மாறுபாடுகளால் பெருக்கப்பட்டு, இறுதியில் கொரோனாவின் ஒளியாய் வெளிப்படுகின்றது. 1997 இல் லியுபார்ஸ்கி வகுத்த கொள்கை இது. எனவே நாம் காணும் ஒழுங்கற்ற ஒளிக்கோடு, வட்டின் எல்லா அடுக்குகளும் தத்தம் கையொப்பமிட்ட ஓர் ஆவணம் போல்வது.

அக்கையொப்பங்களுள் கருந்துளையின் பொருண்மையும் உண்டு. காலம் நீள நீள மாறுபாடு பெருகும் என்றோம். அப்பெருக்கம் எல்லையின்றிச் செல்வதன்று. ஒரு குறித்த கால அளவிற்கு அப்பால் பெருக்கத்தின் விரைவு தளர்கின்றது. வரைபடத்தில் அவ்விடத்தே கோடு வளையும். அவ்வளைவு நேரும் கால அளவு, கருந்துளையின் பொருண்மையோடு உடன் வளர்வது. பொருள் விழும் விகிதம் மிகுமாயின் அது குறையும். இதனை 2006 இல் மக்கார்டியும் உடனாய்வாளரும் தெளிவுபடுத்தினர். அவர்கள் பேரடை நடுவங்களை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. சிக்னஸ் எக்ஸ்-1 முதலாய, நம் பால்வழியினுள் இருக்கும் சிறு கருந்துளைகளையும் உடன்வைத்து ஒரே கோட்டில் அமைத்துக் காட்டினர். சிக்னஸ் எக்ஸ்-1 இன் கருந்துளை ஞாயிற்றைப் போல் ஏறத்தாழ 21 மடங்கு பொருண்மையது. அதனினும் பத்திலட்சம் மடங்கு பொருண்மையுடைய ஒன்றில், மற்றெல்லாம் ஒத்திருப்பின், அங்கு ஒரு நொடியில் நிகழ்வது இங்கு பதினொன்றரை நாளில் நிகழும். தொடக்கத்திற் கூறிய நேர்விகிதம் ஈண்டுப் பயன்தருகின்றது. ஆரம் பத்திலட்சம் மடங்காகும்போது ஒளி அதனைக் கடக்கும் காலமும், பொருள் அதனைச் சுற்றும் காலமும் பத்திலட்சம் மடங்காகின்றன.

இவ்விகிதத்தின் விளைவைப் பின்னாளில் உலகறியக் கண்டது ஊடுகதிரில் அன்று, வானொலி அலையில். 2019 இல் எம்87 என்னும் பேரடையின் கருந்துளை நிழற்படமும், 2022 இல் நம் பால்வழி நடுவத்துக் கருந்துளையின் நிழற்படமும் வெளியாயின. முன்னது ஞாயிற்றினும் 650 கோடி மடங்கு பொருண்மையது. பின்னது ஏறத்தாழ 43 இலட்சம் மடங்கு. தரவுகள் இரண்டிற்கும் 2017 ஏப்பிரலிலேயே எடுக்கப்பட்டவை. அண்மையிலுள்ளதன் படம் மூன்றாண்டு பிந்தியதற்கு முதன்மையான காரணம், எம்87 இல் வளிமம் ஒரு சுற்று முடிக்க நாட்கணக்கில் ஆகும்போது, நம் நடுவத்தில் நிமிடங்களே ஆகின்றன என்பது. படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே காட்சி மாறிவிடுகின்றது. அசையாது அமர்ந்த முதியவரைப் படமெடுத்தலுக்கும் ஓடித்திரியும் குழந்தையைப் படமெடுத்தலுக்கும் உள்ள வேறுபாடு அது.

மாறுபாடு எல்லாம் மூலத்தினுடையதே என்றும் கொள்ளலாகாது. என்.ஜி.சி. 1365 என்னும் பேரடையைச் சந்திரா ஊடுகதிர் ஆய்வகம் சில நாள் இடைவெளியிற் பன்முறை நோக்கியபோது, ஒளி அவிந்து மீண்டும் தோன்றியது. விளக்கு அணையவில்லை, நமக்கும் அதற்கும் நடுவே அடர்ந்த முகில் ஒன்று கடந்துசென்றது. முகில் கடக்க எடுத்த காலத்தைக் கொண்டு மூலத்தின் பருமனை அளந்து 2007 இல் வெளியிட்டனர். பருமன் மிகச் சிறிது என்னும் பழைய முடிவு வேறொரு வழியால் உறுதிப்பட்டது. 1999 இல் செலுத்தப்பட்ட இவ்வாய்வகம் சுப்பிரமணியன் சந்திரசேகர் பெயரால் வழங்குவது தமிழர் அறிந்த செய்தி.

எதிரொளி பற்றியும் ஒரு சொல். கொரோனாவின் ஊடுகதிரில் ஒரு பகுதி நேரே நம்மை அடைகின்றது; மற்றொரு பகுதி வட்டின்மேற் பட்டு, அங்குள்ள இரும்பு முதலிய தனிமங்களின் அடையாளத்தைப் பெற்றுத் திரும்பி வருகின்றது. பின்னது சற்றே நெடிய வழியாதலின் பிந்தி வரும். 1எச் 0707-495 என்னும் பேரடையில் இப்பிந்துதல் ஏறத்தாழ 30 நொடி என ஃபேபியனும் பிறரும் 2009 இல் அளந்தனர். ஒளி மாறாது ஒரே நிலையில் எரிந்துகொண்டிருப்பின் எது முந்தியது எது பிந்தியது என அறிய வழியில்லை. மாறுவதனாற்றான் அளக்க முடிந்தது.

இத்துணையும் கூறியபின், துடிப்பு என்னும் சொல்லை அறவே விலக்கிவிடலாமா? அவ்வாறும் இயலாது. ஆர்.ஈ. ஜே1034+396 என்னும் பேரடையை எக்ஸ்.எம்.எம். நியூட்டன் என்னும் ஐரோப்பிய ஆய்வகம் நோக்கியபோது, ஏறத்தாழ ஒரு மணிக்கு ஒருமுறை ஏறியிறங்கும் மாறுபாடு பதினைந்திற்கும் மேற்பட்ட சுற்றுகள் தொடர்ந்தமை காணப்பட்டது. 2008 இல் இது வெளியாயிற்று. 2018 இல் எடுத்த தரவிலும் ஏறத்தாழ அதே கால அளவு மீண்டும் தோன்றியது. இது கடிகார ஒழுங்கு அன்று. சற்றே முன்பின்னாகும் ஒழுங்கு. 2019 இல் அறிவிக்கப்பட்ட ஜி.எஸ்.என். 069 என்னும் பேரடையிலோ, ஏறத்தாழ ஒன்பது மணிக்கு ஒருமுறை ஊடுகதிர் ஒளி பன்மடங்கு வெடித்தெழுந்து ஒரு மணி அளவில் அடங்குகின்றது. ஆகவே சொற்களை மூவகையாகப் பகுத்தல் தகும் என்பது எம் கருத்து. பொதுவான, ஒழுங்கற்ற நிகழ்ச்சிக்கு 'ஒளிர்வு மாறுபாடு'; முன்பின்னாகும் ஒழுங்குடையதற்குத் 'துடிப்பொத்த மாறுபாடு'; கடிகார ஒழுங்குடைய விண்மீன்களுக்கே 'துடிப்பு'. முதலாவதற்கு 'அலமரல்' என்னும் பழஞ்சொல்லை மீட்கலாம் என நண்பர் ஒருவர் கூறினார். ஓசையினிமையால் யாமும் மயங்கினோம். ஆனால் தொல்காப்பியம் அச்சொல்லுக்குக் கூறும் பொருள் சுழற்சி. சுழற்சி என்றவுடன் மீண்டும் காலவட்டமே வந்து நிற்கும். 'அலைவு' என்பதும் ஊசலின் ஒழுங்கான இயக்கத்திற்கு இயற்பியலார் முன்னரே கொண்டுவிட்ட சொல். வெறுமையாகத் தோன்றினும் 'மாறுபாடு' என்பதே பொய்கூறாத சொல்.

இப்பகுப்பிற்குள் எளிதில் அடங்காத ஒன்றும் அண்மையில் தோன்றியுள்ளது. 1ஈ.எஸ். 1927+654 என்னும் பேரடையில், 2018 இல் கொரோனா அழிந்துபோயிற்று என்று கருதுமளவு ஊடுகதிர் ஒளி பல்லாயிரம் மடங்கு குன்றி, சில திங்களில் மீண்டும் எழுந்தது. பின்னர் 2022 முதல் எடுத்த தரவுகளில் துடிப்பொத்த மாறுபாடு ஒன்று காணப்பட்டது. அதன் கால அளவு முதலில் 18 நிமிடம். இரண்டாண்டு அளவிற் படிப்படியாகச் சுருங்கி 7 நிமிடமாயிற்று. வெண்குறுமீன் ஒன்று கருந்துளையை மிக நெருங்கிச் சுற்றி, மேலும் மேலும் அணுகுகின்றது போலும் என்பது 2025 இல் வெளியான ஆய்வு கூறும் விளக்கங்களுள் ஒன்று. அவ்வாறாயின் அது விழுந்து மறைந்திருத்தல் வேண்டுமே எனின், தன் பொருண்மையைச் சிறிது சிறிதாக இழத்தலால் விழாது நிற்கின்றது என்பர். கொரோனாவே ஊசலாடுகின்றது என்பார் கூற்றும் உண்டு. வெண்குறுமீன் அங்கு இருப்பது உண்மையாயின், அது எழுப்பும் ஈர்ப்பலைகளை 2035 ஆம் ஆண்டளவிற் செலுத்தத் திட்டமிடப்பட்டுள்ள லீசா என்னும் விண்கருவி உணர்தல் கூடும். என்.ஜி.சி. 6814 இல் இல்லாதிருந்த அத்துணைமீன், இங்கேனும் இருக்கின்றதா என்பது அப்போது தெரியும்.